ஃபாரம் குப்பையில் இருக்கிறது

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. எனக்கு வலி வரவில்லை, பதறாதீர்கள். டாக்டரம்மாவைப் பார்க்கத் தனியாகப் போகிறேன்.

பிரசவத் தேதி கடந்து மூன்றே நாள். உங்கள் லீவு வெள்ளிக்கிழமை முடிகிறது என்பதற்காக, நாளைக்கே மருந்து வைத்து வலி வரவழைக்கச் சொல்லி, என்னைக் கேட்காமல் ஆஸ்பத்திரி ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் கடைத்தெருவில் வளர்ந்தவள். ஒரு சீப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவேன். பிள்ளை விஷயத்தில் மட்டும் முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டுவேனா?

நேற்றே போனில் டாக்டரம்மாவைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டேன். "மருந்து வச்சா வலி கடுமையா வரலாம். மருந்து கேக்கலேன்னா ஆபரேஷன். அதுக்காக ரொம்பத் தள்ளிப்போட்டாலும் குழந்தைக்கு ஆபத்தும்மா" என்றார்.

"அப்போ நாலு நாள் குடுங்க."

"தினமும் வந்து காட்டணும். அசைவு குறைஞ்சா அந்த நிமிஷமே வரணும்."

பேரம் படிந்தது. இன்றைய ஸ்கேனில் பனிக்குடத் தண்ணீர் குறைந்திருந்தால் மறுபேச்சில்லை, மருந்துக்கு நானே கையெழுத்துப் போடுவேன். நீங்கள் போட்டதைக் கிழித்தாயிற்று.

பி.கு: கோபம் தீரவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிப் பை கதவோரம் இருக்கிறது. கூப்பிட்டால் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள்.

இன்னொன்று: உங்கள் பேனாவை நான் எடுத்துப் போகிறேன். தேடாதீர்கள்.