காடி, ரொட்டி, பாசார்

அக்கா,

மறுபடியும் புதுச் சொல் அட்டைகள் வந்திருக்கின்றன. வழவழவென்று இருக்கின்றன, வகுப்பு முழுக்க பிளாஸ்டிக் வாசம். காலையில் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். கார் படம், கீழே பெரிய எழுத்தில் 'மகிழுந்து'. ஐந்து வயதுப் பிள்ளை படத்தைப் பார்த்ததும் "காடி, டீச்சர்!" என்று துள்ளியது. தப்பு என்று நான் சொல்லியாக வேண்டுமாம். அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

இதே அறையில்தான் காடி, ரொட்டி, பாசார், ரப்பர் மரத்துக்குப் பால்மரம் என்று பழைய காலண்டர் தாள்களின் பின்புறம் எழுதி ஒட்டியிருந்தீர்கள். கறிபாப் தின்ற எண்ணெய்க் கையோடு பிள்ளைகள் அவற்றைத் தடவித் தடவி வாசிக்கும். லூனாஸ் கடைத்தெருவில் ஒரு பலகையில் 'ரொட்டி'யைக் கண்டுபிடித்துவிட்டு, அம்மாவை நகரவிடாமல் கத்திய பிள்ளையும் உண்டு. மறுநாள் அந்த அம்மாவே வந்து சொல்லிச் சிரித்தார்.

நிர்வாகத் தலைவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"தமிழ்ப் பாலர்பள்ளியில பாசார்னு மலாய்ச் சொல்ல எழுதுறதா? வெட்கமா இல்ல, டீச்சர்?"

"வீட்டுல பேசுற சொல்லுதான் அண்ணே பிள்ளைக்கு மொதல்ல வாசிக்க வரும். சந்தைய அடுத்த மாசம் சொல்லிக் குடுக்கலாம் லா, எங்கயும் ஓடிப் போயிடாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அவர் ஆள் வைத்து அத்தனையையும் கிழித்தார். அடுத்த பள்ளித் தவணைக்கு நீங்களும் வேண்டாம் என்றார்கள். நான் போட்ட சத்தம் யார் காதிலும் ஏறவில்லை.

அந்த மனிதரின் பேரன் படிப்பது சீனப் பள்ளியில். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன வாரம் நினைவுக் கூட்டத்தில் அவரே உங்கள் படத்துக்கு மாலை போட்டு, "நல்ல தமிழுக்காகவே உழைச்ச நம்ம டீச்சர்" என்று பேசினார், அக்கா! எல்லாரும் கைதட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு உங்கள் சிரித்த முகத்தைப் பற்றியே ஆளாளுக்குப் பேசினார்கள்.

எனக்கு அந்த முகம் நினைவில் வருவதே இல்லை. ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது, உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், "பிள்ளைங்க வாசிக்குதா?" என்றுதான் கேட்டீர்கள். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

"இல்லக்கா. அட்டையப் பாத்துட்டு சும்மா நிக்குதுங்க."

நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். நான் கிளம்பும்வரை திரும்பவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் வகுப்புக்குள் நுழைகிறேன்.