உனக்காக நான் தேர்ந்தெடுத்த ஸ்டீரியோ

உன் வண்டியை நேற்று விற்றுவிட்டோம். மார்த்தாண்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பானெட்டைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். போகும் முன் அதில் ஒருவன் டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து நாலு திருகாணியைக் கழற்றினான். ஸ்டீரியோவைக் கொண்டுவந்து சமையல்கட்டு மேடையில் வைத்து, அவர் ஓர்மைக்கு இருக்கட்டும் அம்மா என்றான். நல்ல மனசு அவனுக்கு. நறுக்கி வைத்த அவரைக்காய்க்குப் பக்கத்தில் அது கிடந்தது. முன்பக்கம் வலது ஓரத்தில், வெளிப் பிளேயரைக் குத்துகிற அந்தச் சின்னத் துளை பீடித்தூள் அடைத்துப்போய் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்கள்' என்றுதான் சொன்னேன். உன் அம்மா அப்படிப் பழக்கினார். இனி அது வேண்டாம். உனக்கு வருத்தமாக இருந்தால் எழுந்து வந்து சொல்.

நீ போய் ஆறு வருடம் ஆகிறது. உதியன்குளங்கரை டாக்சி ஸ்டாண்டில் இன்றைக்கும் உன்னைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆளில்லை. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு என்றால் சோற்றில் கைவைத்திருந்தாலும் எழுந்து போவார் என்கிறார்கள். அது உண்மை. நான் பரிமாறிய சோற்றிலிருந்துதான் எழுந்து போனாய். நானும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஊரே புகழ்கிற ஒருவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு வாய் திறக்க வழியே கிடையாது.

நான் ஷார்ஜாவுக்குப் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் கடிதம் எழுதுகிறவர்களைவிட கேசட்டில் பேசி அனுப்புகிறவர்கள் அதிகம். ஊருக்கு வருகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் போதும். கேசட் வந்து சேர்ந்தால் வீடு முழுக்க டேப்ரெக்கார்டரைச் சுற்றி உட்காரும். பக்கத்து வீட்டிலிருந்தும் வருவார்கள். உன் அம்மா நடுவில் இருந்து, பிடித்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்வார். நான் ஒவ்வொருவர் பெயரையும் விடாமல் சொல்லிச் சுகம் விசாரிப்பேன், எனக்கும் பரமசுகம் என்று முடிப்பேன். புருசனிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையையும் அதில் சொல்ல முடியாது.

அதனால்தான் அந்தக் குட்டி பிளேயரை வாங்கினேன். உள்ளங்கை அளவு, அதில் பேசிப் பதியவும் செய்யலாம், கேட்கவும் செய்யலாம். அதற்கான கேசட் தீப்பெட்டி அளவுதான். வீட்டு டேப்ரெக்கார்டரில் அது போகாது. பாறசாலை முழுக்கத் தேடினாலும் வேறு எவரிடமும் அந்தச் சாதனம் இருக்காது. அந்த ஒரே காரணத்துக்காக இரண்டு வாங்கினேன், உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் இரண்டு கேசட் வரும். பெரியது வீட்டுக்கு. சிறியது உனக்கு, இயர்போன் வைத்துக் கேட்க.

பெரிய கேசட்டில் நான் நர்ஸ். சிறிய கேசட்டில்தான் உண்மை. நர்சிங் உதவியாளர் வேலை என்று சொல்லி அழைத்துப்போன ஏஜென்ட், அங்கே இறங்கியதும் கையில் வாளியையும் துடைப்பத்தையும் கொடுத்தான். நோயாளிகள் வாந்தி எடுத்த தரையைத் துடைத்தேன். கழிவறை கழுவினேன். வீட்டு முன்னறையில் மாட்டியிருந்தாயே, வெள்ளை உடுப்பில் நான் நிற்கிற படம், அந்த உடுப்பு என்னோடு அறையில் தங்கியிருந்த நெய்யாற்றின்கரை நர்ஸ் பிள்ளையுடையது. படம் எடுக்க அரைமணி நேரம் இரவல் வாங்கினேன், இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இதையெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், துவைத்த விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறையில் நின்று உன்னிடம் சொன்னேன். வெளியே ஒரு சத்தமும் கேட்காது.

உன்னிடமும் நியாயமாக இருக்க வேண்டும். முதலில் நீ அனுப்பிய பதில் நன்றாகவே இருந்தது. "எட்டி, நீ தறை துடைச்சாலும் எனக்கு நீ நர்சாக்கும்" என்றாய். அந்த ஒரு வரியை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த கேசட்டில் ஸ்டீரியோ கேட்டாய். வண்டி ஓட்டும்போது காதில் இயர்போன் வைத்தால் பின்னால் வருகிறவன் ஹாரன் கேட்பதில்லை, இந்தக் குட்டி பிளேயரைக் குத்த வழியுள்ள ஸ்டீரியோ ஒன்று வேண்டும், பொழியூருக்கு ஆளை இறக்கிவிட்டுச் சும்மா திரும்பும்போது உன் சத்தம் கேட்டுக்கொண்டே வரலாம் என்றாய். கேசட் பெட்டிக்குள் ஒரு நூல் சுருட்டி வைத்திருந்தாய். அம்பாசடர் டாஷ்போர்டுக்குக் கீழே எவ்வளவு இடம் உண்டு என்று இரண்டு முடிச்சுப் போட்ட நூல். அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு விரிப்பு அறையில் சிரித்துக்கொண்டு நின்றேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

மூன்று வெள்ளிக்கிழமை அதற்காக அலைந்தேன். வாரத்தில் ஒரு நாள் கிடைக்கிற விடுமுறை அது. நர்ஸ் பிள்ளையும் கூட வந்தாள். ஒரு கடையில் காட்டிய செட்டுக்கு வெளிப் பிளேயரைக் குத்தும் துளையே கிடையாது. இன்னொன்றில் துளை பின்பக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் செட்டை வெளியே எடுக்க வேண்டும், நீ அதற்குப் பொறுமை உள்ள ஆள் இல்லை. மூன்றாவது கடைக்காரன் வயர் தொங்கும் ஒரு பொய்க் கேசட்டைக் காட்டினான். அதைச் செட்டுக்குள் போட்டு, வயரைப் பிளேயரில் குத்தினால் பாடும் என்றான். நம் ரோட்டுக் குழியில் அது குதிக்கும், வெயிலில் வளையும், நீ நாலாம் நாள் தொலைப்பாய் என்று வேண்டாமென்றேன். கடைசியில் ஒரு காசர்கோட்டுக்காரன் கடையில்தான் இது கிடைத்தது. துளை முன்பக்கம். பக்கத்திலேயே ஒரு பொத்தான், அழுத்தினால் உள்ளே ஓடும் பாட்டு நின்று வெளிப் பிளேயர் பேசும். நூலை வைத்து அளந்தேன். முடிச்சோடு முடிச்சு சரியாக இருந்தது.

நான் கையோடு கொண்டுபோயிருந்த பிளேயரைக் குத்திப் பார்த்தோம். என் குரல் இடது ஸ்பீக்கரில் மட்டும் வந்தது. அது ஒற்றைச் சத்தப் பிளேயர், அப்படித்தான் வரும், பேச்சுக்கு அது போதுமே என்றான் கடைக்காரன். எனக்குப் போதவில்லை. நீ ஓட்டுவது வலது பக்கம் உட்கார்ந்து. உன் காதுப்பக்கம் நான் ஊமையாக இருக்க வேண்டுமா? இரண்டு பக்கமும் பேச வைக்கும் ஒரு குட்டிப் பின்னைத் தேடிப்பிடித்து அதையும் வாங்கினேன். வண்டி பேட்டரியிலிருந்து பிளேயருக்குக் கரண்ட் எடுத்தால் என்ஜின் சத்தம் சேர்ந்து இரையும், பென்சில் பேட்டரியே போட வேண்டும் என்று அவன் சொன்னதையும் உனக்கு எழுதி வைத்தேன். என் குரல் உனக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டேன்.

நர்ஸ் பிள்ளை லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தாள். அதன்பிறகு ஒரு வருடம் பதினொரு கேசட் அனுப்பினேன். நீ கடலோரத்து ரோட்டில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு கேட்கிறாய் என்ற நினைப்பில் என் பேச்சு கூடியது. மேஸ்திரி காலால் வாளியைத் தட்டிவிட்டுச் சிரித்ததைச் சொன்னேன். ஒரு பெண் புருசனிடம் மட்டும் சொல்கிற பேச்சும் அதில் உண்டு. அதை இங்கேகூட எழுதமாட்டேன்.

பிறகு என் லீவு வந்தது. இரண்டாவது வாரம் உதியன்குளங்கரையில் மீன் வாங்கக் குனிந்தேன். சாளை என்ன விலை என்று கேட்டேன், அவ்வளவுதான். மீன் விற்கிற பொழியூர் அம்மா தலையைத் தூக்கி என் முகத்தையே பார்த்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"இந்த சத்தம் எனக்குத் தெரியும். நீ அந்த டாக்சிக்காரருக்க பெண்டாட்டியில்லா?"

ஆமாம் என்றேன். அவருடைய புருசனைச் சிகிச்சைக்காக மாதக்கணக்கில் காரக்கோணத்துக்குக் கொண்டுபோனவன் நீ என்று சொன்னார். ஈரக்கையை முந்தியில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வெள்ள உடுப்ப அந்தப் பிள்ளைக்குத் திருப்பிக் குடுத்தாச்சா மக்கா? ஒனக்குன்னு ஒண்ணு கிட்டும். நான் மாதாகிட்ட சொல்லியிருக்கேன்."

அவர் கேலியாகக் கேட்டிருந்தால் நான் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். அவர் கண் நிறைந்திருந்தது. மீன் வாங்காமல் ஸ்டாண்டுக்கு நடந்தேன். உன் கூட்டாளிகள் நாலைந்து பேர் மரத்தடியில் பேசிக்கொண்டு நின்றவர்கள், என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவன் தரையைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எந்தக் கேசட்டுக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் வண்டியில் ஏறி வீட்டுக்கு விடச் சொன்னேன். ரயில்வே கேட் அடைத்திருந்தது. அங்கே வைத்துத்தான் கேட்டேன். நீ முதலில் சிரித்துச் சமாளித்தாய். நோயாளியும் கூட இருப்பவர்களும் அழுதுகொண்டு வருவார்கள், இன்னொருத்தி படுகிற பாட்டைக் கேட்டால் அவர்களுக்கு ஓர் ஆறுதல், எல்லோரும் உன்னை நினைத்துப் பரிதாபப்பட்டார்கள் என்றாய். எனக்கு என்னவோ பெருமை தேடித்தந்ததுபோலச் சொன்னாய். ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கும் ஆறுதல் தேவைப்பட்டதா என்று கேட்டேன். அப்போதுதான் உன் சிரிப்பு போனது.

"எனக்கு அத ஒற்றைக்கு இருந்து கேக்க முடியல்ல எட்டி. நெஞ்சடைக்கும். அதாக்கும் ஆளு இருக்கும்போ போட்டது."

"நான் ஒற்றைக்கு நின்னாக்கும் அத சொன்னது" என்றேன். "எல்லா கேசட்டையுமா போட்டிய?"

ரயில் போகிறவரை ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாய். கேட் திறந்தது, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான், நீ வண்டியை எடுத்தாய். அத்தோடு உனக்கு அந்த விஷயம் முடிந்தது. வீட்டுக்குப் போனதும் முன்னறைப் படத்தைக் கழற்றினேன். உன் அம்மா வெற்றிலை மென்றுகொண்டே பார்த்தார். அது எனக்கு அன்றைக்கே தெரியும் பிள்ளே, கோயிலுக்குப் போகும்போது வண்டியில் கேட்டேன் என்றார். எவர் காதுக்கு எட்டக்கூடாது என்று அந்தக் குட்டி கேசட்டைத் தேடி வாங்கினேனோ, அவரே. அந்த லீவுக்கு வந்ததும் அந்தப் படத்தைத் தூசி தட்டி வைத்த நான் ஒருத்திதான் முட்டாள்.

குட்டி கேசட் எல்லாவற்றையும் இரண்டு பிளேயரையும் பெட்டியில் போட்டுத் திரும்பிப்போனேன். அதன்பிறகு எட்டு வருடம் அங்கே இருந்தேன். வீட்டுக்குப் பெரிய கேசட் மட்டும் வந்தது. எல்லோர் பெயரையும் சொல்லிச் சுகம் கேட்டேன், உன் பெயரையும் வரிசையில் சேர்த்துச் சொன்னேன். நீ ஒரு தடவைகூட, சின்னது ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பி உனக்குச் சோறு வைத்தேன், மகளைக் கட்டிக்கொடுத்தோம், ஒரே வீட்டில் இருந்தோம். உன்னிடம் என் மனசிலிருந்து ஒரு வார்த்தையும் பிறகு சொன்னதில்லை. அதை நீ கவனித்தாயா என்பதுகூட எனக்குத் தெரியாது.

கடைசியில் காரக்கோணத்தில் உன்னைப் படுக்க வைத்திருந்தோம். ஒரு மதியம் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். கிட்டே வரச் சொன்னாய். உன் வாழ்க்கையில் நீ செய்த ஒரு காரியத்தைச் சொன்னாய். முழுதாகச் சொன்னாய், ஆள் பெயரோடு. அது என்ன என்று இங்கேயும் எழுதமாட்டேன். சொல்லி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"ஒருத்தருக்கிட்டயும் சொல்லாண்டாம். நீ சொல்ல மாட்டே, எனக்குத் தெரியும்."

அந்த நம்பிக்கையைக் கேட்டபோது உன் கையை உதறத் தோன்றியது. உதறவில்லை. நர்ஸ் வந்து டிரிப்ஸ் பாட்டிலை மாற்றினாள், நீ கண்ணை மூடிக்கொண்டாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

கடைசியாக என்னவோ சொன்னாரே, என்ன அது என்று உன் தங்கை எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். மகளும் கேட்டாள். தண்ணீர் கேட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ சொன்ன ஆள் என் எதிரே வந்து நின்று உன்னை நினைத்து அழுதபோதும் நான் வாய் திறக்கவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அந்தப் பாரம் குறையவில்லை. யாரிடமாவது சொல்லி இறக்கி வைத்தால் போதும் என்று சில நாள் மூச்சு முட்டும். அப்படி ஒன்றைச் சொல்ல இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஒரே ஆள் நீதான்.