கயல் துப்பிய கூட்டு

ஆடி அமாவாசை, இரவு

தூக்கம் வரவில்லை.

மாமனாருக்குப் படையல் என்பதால் சமைத்த எதையும் ருசி பார்க்கவில்லை. படைத்து, காக்காய்க்கு வைத்துவிட்டு, முதலில் கயலுக்குத்தான் ஊட்டினேன். மூன்றரை வயது. பீர்க்கங்காய்க் கூட்டு நாக்கில் பட்டதும் துப்பினாள்.

"கசக்குதும்மா."

எந்தக் காயைக் கொடுத்தாலும் இதைத்தான் சொல்வாள். எனக்குப் பசி, கோபம். "எம்புட்டு நேரந்தான் ஊட்டுறது? முழுங்குடி" என்று கன்னத்தை அழுத்தி இரண்டு வாய் திணித்தேன். அழுதுகொண்டே விழுங்கினாள்.

பிறகு நான் ஒரு வாய் வைத்தேன். எட்டிக்காயாய்க் கசந்தது. அதற்குள் அவள் வாந்தியெடுக்கத் தொடங்கிவிட்டாள்.

பழங்காநத்தம் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "கசக்கக் கூடாத காய் கசந்தா விஷம்மா. புள்ள துப்புனப்பவே விட்ருக்கணும்" என்றார்.

எனக்கா தெரியாது? போன வாரம்தான் பத்தாம் வகுப்பில் நடத்தினேன். காட்டில் கிடைத்ததைத் தின்ற காலத்தில், கசந்ததைத் துப்பிய பிள்ளைகள்தான் பிழைத்தார்கள். சாப்பிட அடம்பிடிக்கும் நம் குழந்தைகள் அவர்கள் வழி வந்தவர்கள் என்று. பிள்ளைகள் கைதட்டினார்கள் வேறு.

வாந்தி நின்றுவிட்டது. இருந்தாலும் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சற்று முன் விழித்தாள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை நீட்டினேன். டம்ளரை முகர்ந்தாள்.

"நீ முதல்ல குடி."

குடித்தேன். நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.