விட்டத்தில் பாயிண்ட் மூணு

இன்று காலை கொட்டகையின் ஷட்டரைத் தூக்கியதும் சோப்பு வாசம் வந்து முகத்தில் அடித்தது. அமுக்கும் பிரஸ்ஸில் ஏற்றும் முன் இரும்புக் கிண்ணங்களை வழுக்கலுக்காக முக்கி எடுக்க வெந்நீரில் பட்டை சோப்பைக் கரைத்து வைத்திருந்தார்கள். இது இரும்பு வேலை நடக்கிற இடமா, துணி துவைக்கிற இடமா என்று புதிதாக வருகிறவர்கள் இன்னமும் கேட்கிறார்கள். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உன்னிடம் மறைத்த ஒன்றை இன்று சொல்லியே ஆக வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் இந்த இடத்தை நாம் இருவரும் பிடித்தபோது நம்மிடம் இருந்தது ஒரு பழைய பவர் பிரஸ், ஒரு லேத், நான் படம் போட ஒரு மேசை. அதற்கு முன் மணலி பக்கத்துத் தொழிற்சாலையில் என்னை டிராயிங் பிரிவில் வைத்திருந்தார்கள். ஐ.டி.ஐ.யில் லேத்தில் கடைகிற டர்னர் வேலை படித்துவிட்டு வந்த உன்னை, பெண் என்று பேக்கிங்கில் போட்டார்கள். நான்கு வருஷம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினாய். "வலைக்கு முடிச்சு போட்டுகினு குப்பத்துலயே இருந்தாக்கூட கைவேலை மறந்திருக்காதுமே" என்று சாப்பாட்டு நேரத்தில் புலம்புவாய். நம் முதல் ஆர்டர் கைநழுவினால் நீ மறுபடியும் அந்த டேப்பிடம்தான் போக வேண்டும். உன் வீட்டில் அப்படித்தான் பேச்சு.

வந்த ஆர்டர் பைக்கின் ஷாக் அப்சார்பருக்கான இரும்புக் கிண்ணம். அடிப்பாகம் தடிப்பாக, சுவர் மட்டும் மெல்லிசாக இருக்க வேண்டும். படத்தில் 'அயர்னிங்' என்று போட்டிருந்தது. நான் பந்தாவாக விளக்க ஆரம்பித்தேன். தகட்டை அச்சுக்குள் இழுத்துக் கிண்ணமாக்கி, பிறகு அதைப் பஞ்ச் என்கிற உருளையில் மாட்டி, இறுக்கமான வளையம் வழியாகத் தள்ளினால் சுவர் மெலியும் என்றேன். நீ காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "இதுக்கு ஏன்மே இம்மாம் பேச்சு? மொத இஸ்துக்கணும், அப்பால இஸ்திரி போடணும். அவ்ளோதான?" என்றாய். அன்று முதல் நம் கொட்டகையில் அந்த வேலைக்கு இஸ்திரி என்றுதான் பெயர்.

கணக்கு எனக்கு அல்வா மாதிரி. சுவர் ஒன்று பாயிண்ட் இரண்டு மில்லிமீட்டர். வேண்டியது பாயிண்ட் ஒன்பது. இரும்பு எங்கும் ஓடிப்போகாது, சுவரில் குறைவது உயரத்தில் ஏறும். முப்பது மில்லிமீட்டர் உயரக் கிண்ணம் நாற்பதுக்குப் போக வேண்டும். சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டியபோது நீ கைதட்டினாய். "அப்போ கிண்ணத்த அறுத்துப் பாக்கவே வேணாம். ஒசரத்த அளந்தா சுவரு தெரிஞ்சிடும்" என்று எனக்கு முன்பே ஓடிப்போய் அந்த முடிவில் நின்றாய். அந்த நிமிஷம் உன்னை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று அப்போது சொல்லவில்லை.

வளையத்தின் துளை அளவை மட்டும் வீட்டில் நிதானமாகப் போட்டுப் பார்க்கிறேன் என்று நோட்டை எடுத்துப்போனேன். மறுநாள் நீ லேத்தில் தயாராக நின்றாய். நான் திருவொற்றியூர் ஸ்டேஷனில் இருந்து போன் செய்தேன். கிண்ணத்தின் வெளி அளவிலிருந்து பாயிண்ட் மூணு குறைத்துத் துளை போடச் சொன்னேன். அதற்குள் கும்மிடிப்பூண்டி வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்துவிட, பேச்சு அதோடு நின்றது. கடைந்து, வெளியே கொடுத்துக் கெட்டிப்படுத்தி, பாலிஷ் போட்டு மாட்டினோம். கிண்ணம் வெளியே வந்தது. உயரம் முப்பத்திநாலுதான்.

நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய். சுவர் இரண்டு பக்கமும் மெலிய வேண்டும். பக்கத்துக்குப் பாயிண்ட் மூணு என்றால் துளையின் விட்டத்தில் பாயிண்ட் ஆறு குறைய வேண்டும். மூணு மட்டும் குறைந்திருந்தது. "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமான்னு கேக்காம போனை வெச்ச டர்னரு நான் ஒருத்திதான்" என்று உன்னையே திட்டிக்கொண்டாய். துளை சிறிதாகப் போயிருந்தால் தேய்த்துப் பெரிதாக்கலாம். பெரிதாகப் போனதைச் சுருக்க முடியுமா? அந்த வளையம் மூலைக்குப் போனது. கைவசம் இருந்த இன்னொரு துண்டில் சரியான வளையம் கடைந்தாய்.

சரியான வளையமாவது காப்பாற்றியதா? அதையும் கெட்டிப்படுத்தி மாட்டிய அன்று, மாதிரிக் கிண்ணத்தைப் பார்க்கக் கம்பெனி இன்ஸ்பெக்டர் மாலை நான்கு மணிக்கு வருவதாக இருந்தது. மூன்று மணிக்கு முதல் கிண்ணத்தின் அடி பிய்ந்து விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். ஒரே தள்ளில் கால்வாசி சுவரை மெலியவைக்க நினைத்தால் நம் கிண்ணத்தின் அடி தாங்கவில்லை. நான் அழுதேன். நீ அழவில்லை. ஓரத்தில் கிடந்த தப்பான வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இஸ்திரிக்காரர் மொதத் தேய்ப்புலயே மடிப்பு எடுக்கறாரா, மே? லேசா ஒரு வாட்டி ஓட்டிட்டு, அப்பாலதான அழுத்தறாரு?" என்றாய். என் பதிலுக்குக் காத்திருக்காமல் தப்பான வளையத்தை மேலேயும் சரியான வளையத்தைக் கீழேயும் மாட்டினாய். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். முதல் வளையத்தில் பாயிண்ட் பதினைந்து, இரண்டாவதில் பாயிண்ட் பதினைந்து. சமபாதி. "ஓட்டுடி" என்று கத்தினேன்.

ஓட்டினாய். சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கிண்ணம் கீழே விழுந்தது, அடியோடு. வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தாய். அதை என் கையில் திணித்தாய். நாற்பது. நாம் இருவரும் குதித்த குதியில் பக்கத்துக் குடோன்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

இன்ஸ்பெக்டர் மைக்ரோமீட்டரில் சுவரை அளந்தார். பாயிண்ட் ஒன்பதை விட சில மைக்ரான் கூடுதல், அவ்வளவுதான். அழுத்தத்தில் வளையமும் கொஞ்சம் விரியும் என்று நான் விளக்கினேன். இரட்டை வளையம் யாருடைய யோசனை என்று கேட்டார். நீ நெஞ்சை நிமிர்த்தி, "நான் தப்பா வெட்டினதுங்க. அந்தத் தப்புதான் இப்போ சோறு போடப் போவுது" என்றாய். ஆர்டர் நமக்கு. டேப் உன் கைக்குத் திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலம் வண்டியில் போகும்போது நோட்டைப் பிரித்தேன். என் கையெழுத்தில், கோடு போட்டு, 'விட்டத்தில் 0.3' என்று இருந்தது. தப்பு நீ கேட்காததில் இல்லை. நான்தான் தப்பாகவே போட்டு, தப்பாகவே வாசித்திருக்கிறேன். மறுநாள் சொல்லத்தான் வந்தேன். நீயோ டீக்கடையில் நாலு பேரைச் சுற்றி நிறுத்தி, உன் தப்பின் பெருமையை அளந்துகொண்டிருந்தாய். எப்படிப் பிடுங்குவேன்? அப்புறம் வருஷாவருஷம் அந்தக் கதை வளர்ந்தது, என் வாயும் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கூட நர்ஸிடம் அதைச் சொல்லிச் சிரித்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்று காலை மூன்று வளையம் போடுகிற புது ஆர்டருக்காக ஓர் இன்ஜினியர் வந்தார். இந்த முறை எப்படி உங்களுக்கு வந்தது என்று கேட்டார். "என் தோழி தப்பா கடைஞ்சிட்டா" என்று பழக்கத்தில் ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. நோட்டின் அந்தத் தாள் மடிந்து மடிந்து கிழிகிற நிலையில் இன்னமும் என் கைப்பையில்தான் இருக்கிறது. எடுத்து அவர் முன்னால் விரித்தேன். "நான் தப்பா சொன்னேன் சார். அவ சரியா யோசிச்சா" என்றேன்.

"என் தப்ப எடுத்துக்க நீ யாரு, மே?" என்று நீ சண்டைக்கு வருவாய். வா. யோசனை முழுக்க உன்னுடையது, அதை யாரும் தொட மாட்டார்கள். தப்பை மட்டும் எனக்குக் கொடுத்துவிடு.