டிவியின் சத்தம் நின்ற காட்சி

செவ்வாய், இரவு

இன்று ஊடகப் பாடத்தில் ஒரு படத்தின் முதற் காட்சியைப் போட்டுக் காட்டினேன். தாயும் மகளும் சிரித்துக்கொண்டு டிவி பார்க்கிறார்கள். மகள் சட்டென்று சத்தத்தை நிறுத்துகிறாள். தாய் அவசரமாகக் கோப்பைகளை எடுக்கிறாள். அவ்வளவுதான்.

“ஏன் நிப்பாட்டினா?” என்று கேட்டேன்.

“பள்ளிவாசல்ல பாங்கு சொல்லுது போல, டீச்சர்,” என்றாள் ஒருத்தி. வகுப்பே ஓமென்றது. எங்கள் ஊரில் வேறென்ன தோன்றும்?

கடைசி வாங்கில் இருந்த ரிஃப்கா மட்டும் மறுத்தாள். “வெளிய பைக் சத்தம் கேட்டிச்சி டீச்சர். வாப்பா வாறார். அவர இன்னும் காட்டல்ல, ஆனா எப்பிடி ஆளெண்டு விளங்கிட்டு.”

அருமையான பதில் என்று சொல்லிப் பலகையிலும் எழுதிப்போட்டேன். அவளுக்கு அது எப்படி விளங்கியது என்று கேட்கவில்லை.

இஷாத் தொழுகைக்குப் பிறகு வீட்டில் நானும் மகளும் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் சத்தத்தைக் குறைத்தாள். நான் காதுகொடுத்துக் கேட்டேன். பாங்கு சொல்லி வெகுநேரமாகியிருந்தது. ஒழுங்கை முனையில் இவருடைய பைக் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் என் கை கோப்பைகளை எடுத்துவிட்டது.

இவர் இப்போது பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். பேனா தாளில் உரசுவதுகூடப் பெரிதாகக் கேட்கிறது. நிறுத்துகிறேன்.