சாரல் நாளில் சுட்ட அப்பளம்

மைனி,

இன்று காலை பட்டறை வாசலில் வைத்த சுட்ட அப்பளம், நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் துணி மாதிரித் தொங்கிவிட்டது. குற்றாலத்துச் சாரல் அப்படி. அதைக் கையில் பிடித்தபடி உங்களைத் திட்டிக்கொண்டு நின்றேன். பாதி வேலையில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே.

"அப்பளம் நமத்துச்சுன்னா டப்பாவத் தொறக்காதீங்க தம்பி" என்பீர்கள். அண்ணன் படகுத் துடுப்புகளைச் செதுக்குவான், நான் உப்புத்தாள் போடுவேன், மரத்தில் தண்ணீர் இறங்காதபடி டப்பாவைத் திறந்து எபாக்ஸிப் பிசின் பூசுவது நீங்கள். அப்பளம் நமக்கிற ஈரக்காற்றில் பூசினால் மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் கட்டும், அடுத்த பூச்சு அதில் ஒட்டாது என்று, அண்ணனைக் கட்டி வந்த புதிதில், முதலில் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். அதனால் சீசன் வந்தால் துடுப்புகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சுந்தரபாண்டியபுரத்துக்கு, உங்கள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவீர்கள். இங்கே தூறும்போது அங்கே வெயில் அடிக்கும். அம்மா வீட்டுக்குப் போக நல்ல சாக்கு என்று நானும் அண்ணனும் எத்தனை கேலி செய்திருக்கிறோம்! "சாக்குன்னே வச்சுக்கிடுங்க. கண்ணாடி மாதிரி வருதா, இல்லையா?" என்று எங்கள் வாயை அடைப்பீர்கள்.

போன வருஷம் நீங்கள் இல்லாத முதல் சீசன். அந்த வீட்டுப் படியேற எனக்கு மனசு வரவில்லை. இங்கேயே பூசினேன். அவசரத்தில் பிசுக்கைக்கூடக் கழுவாமல் அதன் மேலேயே இரண்டாம் பூச்சு. மாதம் முடிவதற்குள் எட்டுத் துடுப்பும் வெள்ளை பூத்து, தோல் உரிந்து திரும்பி வந்தன. நம் துடுப்புகளை வாங்கும் படகுக் குத்தகைக்காரர் சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் பிளாஸ்டிக் துடுப்பு வாங்கிக்கொள்கிறேன் என்றார், அவ்வளவுதான். அப்புறம் நமக்குப் பட்டறை எதற்கு?

இந்த வருஷத்து எட்டும் பூச்சுக்குத் தயார். அடுத்த வாரம் கொடுத்தாக வேண்டும். "ஏலே, சாரலப் பாத்துக்கிட்டு இருந்தா சீசன் போயிரும். பூசுலே" என்று அண்ணன் நெருக்கினான். முடியாது என்றேன். நமத்த அப்பளத்தை அவன் கையில் வைத்தேன். அதை ஒடிக்கப் பார்த்து, மடங்கியதும், சுந்தரபாண்டியபுரத்தில் இருக்கும் உங்கள் தம்பிக்கும் ஆட்டோவுக்கும் போன் போட்டான்.

தென்காசி தாண்டியதும் ரோடு காய்ந்து கிடந்தது. உங்கள் காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டை எட்டிப் பார்க்காதவன், இப்போது வேலைக்காக வந்து நிற்கிறேன். எந்த முகத்தோடு?

உங்கள் தம்பி வாசலுக்கே வந்தார். "வாங்க அத்தான்" என்று பின்கட்டு அறையைத் திறந்துவிட்டார். நீங்கள் துடுப்புகளைக் கிடத்தும் மரத்தாங்கிகள் இரண்டும் போட்டது போட்டபடி இருந்தன. தரையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஜன்னலில் ஒரு தட்டு, அதில் சுட்ட அப்பளம்.

"போன வருசமும் வச்சேன்" என்றார். "நீங்கதான் வரல."

அழுதுவிட்டேன் மைனி. அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பிறகு அப்பளத்தை எடுத்து ஒடித்தேன். படக்கென்று ஒடிந்தது. ஆளுக்குப் பாதி தின்றுவிட்டு டப்பாவைத் திறந்தோம்.

முதல் பூச்சு மெல்லிசாக, ஒரே போக்கில் இழுத்து முடித்தாயிற்று. இறுகியதும் வெறும் தண்ணீரில் கழுவி, துடைத்து, அதன் பிறகுதான் உப்புத்தாள். இன்னும் இரண்டு பூச்சு இருக்கிறது. ஒன்றிலும் அவசரப்பட மாட்டேன்.

வேலை ரெண்டு நாளில் முடிந்துவிடும். நான் நாலு நாள் தங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று அண்ணன் போனில் கேட்டான்.

சாக்குன்னே வச்சுக்கிடு என்றேன்.