பூதத்தின் நாக்கு

1961 ஜூலை 12, புதன்.

என் கதையில் அமிர்தத்தைக் காக்கும் பூதம் ஆயிரம் வருஷமாக அதைக் குடிப்பதில்லை. காரணம் சாபம் என்று எழுதியிருந்தேன். "சாபமாம் சாபம்! ஒரு வாய் குடிச்சுப் பார்க்காதா?" என்று என் மனைவி சாரதா காலையில் சிரித்துவிட்டாள். இட்லி இறங்கவில்லை.

விடை மட்டாஞ்சேரி ஆபீசில் கிடைத்தது. தேயிலை ருசி பார்க்கும் கோபி சேட்டன் இன்று அறுபது கோப்பை உறிஞ்சி, அறுபதையும் துப்பினார். விழுங்கினால் நாக்கு மழுங்குமாம். "ஈ நாக்கு போயால் பின்னே ஞான் ஆரு?" என்றார் மலையாளத்தில். இந்த நாக்கு போனால் அப்புறம் நான் யார் என்கிறார்.

சாபத்தை அடித்துவிட்டேன். பூதத்துக்கும் அந்தக் கர்வத்தையே கொடுத்தேன். தினம் ஒரு துளி ருசி பார்த்து, கெடவில்லை என்று துப்பிவிடும்.

சற்றுமுன் படித்துக் காட்டினேன். சாரதா சிரிக்கவில்லை. "பாவம், ஒருநாளாவது விழுங்குமா?" என்றாள்.

விழுங்கும். எப்போது என்று அவளிடம் சொல்லமாட்டேன்.